மதுரைக் குகை வௌவால்களும் ஒரு கடிகாரமும்

1/
ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிப்போம்.

மலைக்குகைக்குள்ளே, வெளிச்சமே எட்டாத மூலையில் ஒரு வௌவால் தலைகீழாகத் தொங்குகிறது. அதற்கு வெளியே பொழுது சாய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? தினமும் இருட்டுகிற நேரத்துக்குச் சரியாகக் கிளம்புகிறதே, யார் உள்ளே போய்ச் சொன்னது?

2/
இந்தக் கேள்விக்கு விடை தேடி உலகமே கவனிக்கிற மாதிரி ஆராய்ச்சி நடந்த ஊர் நம்ம மதுரை. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி வரும் பல்கலைக்கழகத்தில், சுமார் ஐம்பது வருஷம் முன்னாடி.

மதுரைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. பருவநிலை மாற்றம், உயிரினங்கள் அழிவு என்று இன்று நாம் பேசுகிற விஷயத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கொஞ்சம் நீளமான இழை. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்க.

3/
கதை 1729-ல் பிரான்சில் தொடங்குகிறது. ழான் ழாக் டி மைரான் என்ற வானியலாளர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். பகலில் இலை விரிந்து இரவில் மூடும் செடி அது. வெயிலே படாத அறையிலும் அது அதே நேரத்துக்கு விரிந்தது, அதே நேரத்துக்கு மூடியது.

அப்படியானால் செடிக்கு உள்ளேயே ஏதோ ஒன்று நேரம் பார்க்கிறது. இந்த "ஏதோ ஒன்று" என்ன என்று தெளிவாகப் பேசத் தொடங்க இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

4/
இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எர்வின் பியூனிங், யூர்கன் ஆஷாஃப், அமெரிக்காவில் காலின் பிட்டென்ட்ரிக் ஆகிய மூவரும் இந்தத் துறையைக் கட்டி எழுப்பினார்கள்.

அவர்கள் கண்டது இதுதான். நம் உடலுக்குள் ஓடும் கடிகாரம் துல்லியமாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். தினமும் சூரிய வெளிச்சம் அதைத் தொட்டுத் திருத்துகிறது. தாத்தா வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை ரேடியோ செய்தி கேட்டுத் திருத்தி வைப்பது போல. "ஏறத்தாழ ஒரு நாள்" என்ற பொருளில் இதற்கு சர்க்கேடியன் ரிதம் என்று பெயர்.

5/
இங்கேதான் நம்ம ஆள் வருகிறார். பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன்.

சென்னைக் கடற்கரையில் அலை வந்து போகும் மணலில் புதைந்து வாழும் சின்ன நண்டுகளிடமிருந்து அவர் ஆராய்ச்சி தொடங்கியது. ஆய்வகத் தொட்டிக்குள் கொண்டுவந்து வைத்த பிறகும் அந்த நண்டுகள் கடலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பவே சுறுசுறுப்பும் ஓய்வுமாக இருந்தன. 1965-ல் அதைப் பிரசுரித்தார். பிறகு ஜெர்மனியில் டியூபிங்கன் போனார். பழ ஈக்கள் கூட்டுப்புழுவிலிருந்து எந்த நேரத்தில் வெளிவருகின்றன என்று ஆராய்ந்தார்.

1970களின் நடுவில் மதுரைக்கு வந்து சேர்ந்தார். 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது பத்து வயதுகூட முழுதாக ஆகியிருக்காது. காமராஜர் பெயர் சேர்ந்தது 1978-ல்தான்.

6/
வெளிநாட்டு ஆய்வகத்தில் இருந்த வசதியெல்லாம் இங்கே ஏது? ஆனால் இங்கே இருந்த ஒன்று அங்கே இல்லை. மதுரையைச் சுற்றி நிற்கும் கருங்கல் மலைகள், குகைகள், அவற்றில் கூட்டம் கூட்டமாக வௌவால்கள்.

குகையின் உள்பகுதியில் நிரந்தர இருட்டு. சித்திரை வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் வெப்பமும் ஈரப்பதமும் பெரிதாக மாறாது. கோடிக்கணக்கில் செலவு செய்து கட்ட வேண்டிய ஆய்வறையை இயற்கை சும்மா கொடுத்திருந்தது.

7/
சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் மூவரும் செய்த சோதனையைப் பாருங்க.

பூச்சி தின்னும் வௌவால் ஒன்றை, ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்ற இனம், குகைக்குள் கூண்டில் வைத்தார்கள். கூண்டு வௌவாலுக்கு வெளிச்சம் தெரியாது. வெளியே போகவும் முடியாது. ஆனால் அதே குகையில் அதன் கூட்டம் சுதந்திரமாகப் பறந்து, மாலையில் கிளம்பி, விடியலில் திரும்பியது. கூண்டுக்குள் இருந்ததும் கூட்டத்தோடு ஒத்து, சரியாக 24 மணி நேரக் கணக்கில் இயங்கியது.

அடுத்து, கூட்டமே இல்லாத குகையில் ஒரு வௌவாலைத் தனியாக வைத்தார்கள். அதன் கடிகாரம் 24 மணி நேரத்தை விட்டு விலகி, தன் போக்கில் ஓடத் தொடங்கியது.

8/
புரிகிறதா? வெளிச்சம் காட்டாமலேயே, கூட்டத்தின் சத்தமும் அசைவும் ஒரு வௌவாலின் கடிகாரத்தைத் திருத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வாசல் தெளிக்கும் சத்தத்தில் நமக்கு விடிந்தது தெரிகிற மாதிரி.

"சரி, எந்தச் சத்தமா இருந்தாலும் போதுமா?" என்று கேட்பீங்க. அதையும் சோதித்தார்கள். வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வௌவாலை இதே கூட்டத்தின் நடுவே வைத்தார்கள். அது இவர்களைச் சட்டையே செய்யவில்லை. அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. சொந்த இனம் சொன்னால்தான் கேட்கும்.

1978-லும் 1980களின் தொடக்கத்திலும் இந்த முடிவுகள் சர்வதேச ஆய்விதழ்களில் வந்தன.

9/
எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த சோதனை. மதுரை வயல்களில் வளை தோண்டி வாழும் சின்ன வயல் எலி. 1985-ல் என். விஸ்வநாதனும் சந்திரசேகரனும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை.

வெளிச்சம் மாறாத அறையில் எலிக்குட்டிகள். தாய் எலியை 12 மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள், 12 மணி நேரம் பிரித்து வைத்தார்கள். தாய் வருவதும் போவதுமே குட்டிகளின் கடிகாரத்தைத் திருத்தி வைத்தது.

யோசித்தால் நியாயம்தானே? வளைக்குள் வெளிச்சம் ஏது? பகலில் அம்மா கூட இருப்பாள், இரவில் இரை தேடப் போவாள். குட்டிக்கு அம்மாதான் சூரியன்.

10/
மனிதனையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மனியில் ஆஷாஃப் 1960களில் நிலத்தடி அறை கட்டி மனிதர்களைத் தங்க வைத்தது போல, மதுரைப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஓர் அறை அமைத்தார்கள். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, செய்தித்தாள் இல்லை. தன்னார்வலர்கள் நாட்கணக்கில் உள்ளே தங்கினார்கள்.

சிலருக்குத் தூக்கமும் உடல் வெப்பமும் சேர்ந்தே ஓடின. சிலருக்கு இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து ஓடின. உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் உண்டு என்ற கருத்துக்கு இத்தகைய சோதனைகள்தான் அடித்தளம்.

11/
மருத்துவராக எனக்கு இதன் மதிப்பு நன்றாகவே தெரியும். பிறந்த குழந்தைக்கு முதல் சில வாரம் ராத்திரி, பகல் வித்தியாசம் தெரியாது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் கூடுதலாக இருக்கும். குழந்தை நேரம் கற்றுக்கொள்வதிலும் தாய்க்குப் பங்கு உண்டு.

நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ், செக்யூரிட்டி, மில் தொழிலாளி எல்லாருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும் ஆபத்து ஏன் கூடுதல் என்பதற்கும் இந்தக் கடிகாரமே ஒரு விடை. இரவுப்பணியை "புற்றுநோய் வரவழைக்க வாய்ப்புள்ளது" என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் சேர்த்தது. கடிகாரத்தின் மரபணுக்களைக் கண்டறிந்த மூவருக்கு 2017-ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

12/
"டாக்டர், இதுக்கும் குளோபல் வார்மிங்குக்கும் என்ன சம்பந்தம்?"

இருக்கு. இந்தக் கடிகாரத்துக்கு ஒரு விசேஷ குணம். வெயில் ஏறினால் வேதிவினைகள் வேகமாகும், ஆனால் இந்தக் கடிகாரம் வேகமாக ஓடாது. 1954-லேயே பிட்டென்ட்ரிக் பழ ஈக்களில் இதைக் காட்டினார். பல உயிர்கள் நாளையும் பருவத்தையும் வெளிச்சத்தை வைத்தே கணக்குப் பார்க்கின்றன. பூமி எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறாது.

ஆனால் பூச்சிகளும் செடிகளும் பெரும்பாலும் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்பத் தம் நேரத்தை மாற்றிக்கொள்கின்றன.

13/
இதனால் என்ன ஆகும்? நெதர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு சிட்டுக்குருவி அளவுப் பறவை, புழுக்கள் அதிகம் கிடைக்கும் வாரத்தில் குஞ்சுகள் இருக்கும்படி முட்டையிடும். வசந்தம் சூடானது. புழுக்கள் முன்கூட்டியே வந்து போய்விட்டன. பறவையால் அந்த வேகத்துக்கு முட்டையிடும் தேதியை மாற்ற முடியவில்லை. குஞ்சு வாய் திறக்கும்போது இலையில் புழு இல்லை. 1998-லேயே மார்செல் விஸ்ஸர் குழு இதைப் பதிவு செய்தது.

பந்தி முடிந்த பிறகு கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி.

14/
இப்போது நம்ம ஊருக்கு வாங்க. பெரியாறு, வைகைத் தண்ணீரில் நெல் விளையும் சமவெளி. ஒருபக்கம் குன்றுகள், குகைகள், வௌவால்கள். இன்னொரு பக்கம் வயல், வயலில் பூச்சிகள்.

வௌவால் கிளம்புவது வெளிச்சத்தைப் பார்த்தும் கூட்டத்தைக் கேட்டும். பூச்சி பறப்பது மழையையும் வெப்பத்தையும் பொறுத்து. மழை தள்ளிப்போய், வெயில் கூடி, இரவெல்லாம் ஹைமாஸ்ட் விளக்கு எரிந்தால் இந்த இரண்டு கணக்கும் இன்னும் ஒத்துப்போகுமா?

இதைக் கண்டுபிடிக்க எண்ணிக்கை எடுத்தால் மட்டும் போதாது. எந்த உயிர் எதைக் கேட்டு நடக்கிறது என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தக் குகைக் கூண்டு செய்தது அதைத்தான்.

15/
இதை வைத்தியப் பாஷையில் சொன்னால், காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் சொல்லும். டைஃபாய்டா, டெங்குவா என்று அது சொல்லாது. அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். உயிரினங்களின் எண்ணிக்கை எடுப்பது தெர்மாமீட்டர். சோதனை உயிரியல்தான் காரணத்தைக் காட்டுவது.

இதற்கு நம்ம நாட்டிலேயே பெரிய சாட்சி பிணந்தின்னிக் கழுகு, அதாவது பாறு.

16/
1990களில் இந்தியாவில் பாறுகள் மளமளவென்று செத்து விழுந்தன. ஒரு இனம் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. கிருமியோ, பூச்சிமருந்தோ என்று பல வருஷம் குழம்பினார்கள்.

2004-ல் பாகிஸ்தானில் வேலை செய்த குழு ஒன்று விடையைச் சொன்னது. இறந்த பாறுகளின் சிறுநீரகத்தில் ஒரு மருந்து இருந்தது. அதே மருந்தைச் சோதனைக்காகக் கொடுத்தபோது, அதே மாதிரி சிறுநீரகம் செயலிழந்து பாறுகள் இறந்தன. மருந்தின் பெயர் டைக்ளோஃபினாக். ஆமாம், மூட்டுவலிக்கு நீங்க வாங்கிப் போடும் அதே மாத்திரை. வலிக்காக மாட்டுக்குப் போட்ட ஊசி, மாடு செத்ததும் பாறின் வயிற்றுக்குள் போனது.

17/
காரணம் தெரிந்ததும் வழி பிறந்தது. மெலாக்சிகாம் என்ற மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து உறுதி செய்தார்கள். 2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுக்க இந்தியா தடை போட்டது. மனிதர்களுக்கான பெரிய ஊசிக் குப்பியை மாட்டுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க, 2015-ல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் உத்தரவு சரியே என்றது.

நீலகிரி, மாயாறு பள்ளத்தாக்கில் இன்று பாறு பறக்கிறது என்றால் அதற்கு அந்தச் சோதனையும் ஒரு காரணம்.

18/
வௌவால் அழிந்தால் நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு.

அமெரிக்காவில் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய், குளிர்காலத்தில் குகையில் உறங்கும் வௌவால்களை லட்சக்கணக்கில் கொன்றது. வௌவால் குறைந்த மாவட்டங்களில் விவசாயிகள் பூச்சிமருந்தைச் சராசரியாக 31 சதவீதம் கூடுதலாக அடித்தார்கள். அதே மாவட்டங்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு ஏறத்தாழ 8 சதவீதம் கூடியது. எயால் ஃபிராங்க் என்ற பொருளாதார ஆய்வாளர் 2024-ல் சயின்ஸ் இதழில் இதை வெளியிட்டார்.

குகையில் வௌவால் சாகிறது. தொட்டிலில் குழந்தை சாகிறது. நடுவில் இருப்பது பூச்சிமருந்து டப்பா.

19/
சட்டம் என்ன செய்தது தெரியுமா? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. ஒரு சில அரிய இனங்களுக்கு மட்டும் விலக்கு. 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. ஐம்பது வருஷம்!

அதே 1972-ல் இன்னொன்றும் நடந்தது. 1948-ல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் பிடித்துக் கொடுத்த ஒரு வௌவால், தவறான பெயரோடு மும்பை அருங்காட்சியகச் சேகரிப்பில் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதைப் பார்த்து, இது உலகுக்கே புதிய பேரினம் என்று கண்டு சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். மதுரையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருந்த உயிர், 24 வருஷம் அலமாரியில் பெயரில்லாமல் இருந்தது.

20/
வெயிலுக்கு வருவோம். 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் பகுதியில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியது. இரண்டு நாளில் சுமார் 23,000 பழந்தின்னி வௌவால்கள் மரத்திலிருந்து விழுந்து இறந்தன. அந்நாட்டில் இருந்த அந்த இனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

இவற்றின் உடல் தாங்கும் எல்லை 42 டிகிரி அருகே என்று முன்பே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். அதனால்தான் இப்போது வானிலை அறிக்கையைப் பார்த்து முன்னெச்சரிக்கை கொடுக்க முடிகிறது. மதுரையில் 40 டிகிரி என்பது புதுச் செய்தி இல்லை. நம்ம ஊர் ஆலமரத்திலும் மருதமரத்திலும் தொங்குபவற்றின் எல்லை என்ன? இந்தக் கேள்வியைக் கேட்கும் இளம் ஆய்வாளர்கள் நமக்கு வேண்டும்.

21/
"நிபா வருமே டாக்டர், மரத்தையே வெட்டிட்டா?" இது ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி.

வெட்டினால் ஆபத்து கூடும். ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா என்ற வைரஸை 25 வருஷத் தரவுகளோடு ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். காடு அழிந்து, இரை கிடைக்காமல் வௌவால்கள் ஊருக்குள் வந்த காலத்தில்தான் நோய் குதிரைகளுக்குத் தாவியது. காட்டில் பூ நிறையப் பூத்த வருஷங்களில் தாவவில்லை.

நீங்க செய்ய வேண்டியது எளிது. கடித்த பழத்தைச் சாப்பிடாதீர்கள். பழத்தைக் கழுவுங்கள். வௌவாலைத் தொடாதீர்கள். வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இருக்கு.

22/
கடைசியாக, அந்த மலைகள்.

மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி உங்களுக்குத் தெரியும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 193.42 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. லகர் வல்லூறு உட்பட சுமார் 250 பறவையினங்கள், சமணர் படுகை, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், ஏரிகள், சுனைகள். இரண்டே வருஷத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தது. ஊர் மக்கள் திரண்டார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அரிட்டாபட்டி தப்பித்தது. பெயர் வாங்காத குன்றுகள் எத்தனையோ கல்குவாரியில் போய்விட்டன. ஒரு குன்று போனால் கல் மட்டும் போவதில்லை. அதற்குள் இருந்த குகை, அதில் நேரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்து வந்த கூட்டம், எல்லாம் சேர்ந்து போகும். கூட்டம் போனால் தனி வௌவாலுக்கு நேரம் தெரியாது என்பதை மதுரைக் குகைதான் உலகத்துக்குச் சொன்னது.

23/
சரி, நம்மால் முடிந்தது என்ன?

மலைக்குப் போனால் குகைக்குள் தீ மூட்டாதீர்கள், பட்டாசு வேண்டாம், டார்ச் அடித்துக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. ஓர் ஊரே செய்யும்போது நம்மால் ஒரு மாலை சும்மா இருக்க முடியாதா?

தேவையில்லாத இடத்தில் இரவு முழுக்க எரியும் விளக்கை அணைக்கச் சொல்லி ஊராட்சியில், மாநகராட்சியில் மனுக் கொடுங்கள். மாட்டுக்கு ஊசி போடும்போது என்ன மருந்து என்று கேளுங்கள்.

24/
உங்க பிள்ளை விலங்கியலோ தாவரவியலோ படிக்கப் போகிறேன் என்று சொன்னால், "அதுல என்ன வேலை கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு கூண்டும், ஒரு குகையும், பொறுமையும் வைத்துக்கொண்டு நேச்சர் இதழ் வரை போன ஊர் இது.

அந்த வௌவால் வகை இன்னும் இந்தக் குன்றுகளில் இருக்கிறது. இன்று சாயங்காலமும் இருட்டும் நேரத்துக்குக் கிளம்பும். குகை இருக்கும்வரை.

மதுரை, மேலூர், உசிலம்பட்டி, தேனி நண்பர்களுக்குப் பகிருங்கள்.